ஊட்டும் வேளையில் கரையும் 1,800 மணி நேரம்

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்துக் குழந்தைக்குச் சோறு தொடங்குகிறோம். ஒன்பதாவது மாதத்திலிருந்து நாளுக்கு மூன்று நான்கு வேளை உணவு, இடையில் ஒன்றிரண்டு தின்பண்டம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வேளைக்கு அரை மணி என்று சிக்கனமாக வைத்தாலும் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. மூன்று வயது நிறையும்வரை ஏறக்குறைய 900 நாட்கள். பெருக்கினால் 1,800 மணி நேரம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஓராண்டில் கேட்பது 200 வேலை நாட்கள், 800 மணி நேரப் பாடம். அப்படியென்றால் பள்ளிக்கூட வாசலை மிதிப்பதற்கு முன்பே, இரண்டு வகுப்புப் படிப்பைவிடக் கூடுதலான நேரத்தைக் குழந்தை சோற்றுக்கு முன்னால் கழித்துவிடுகிறது. அந்த நேரம் முழுக்க அதன் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள்?

செஞ்சியில் இதற்கு விடை தேடி அதிகம் அலைய வேண்டாம். திண்டிவனம் சாலையிலோ திருவண்ணாமலை சாலையிலோ ஒரு வீட்டுத் திண்ணையை, ஓட்டல் மேசையை, பேருந்து நிலைய பெஞ்சைப் பார்த்தால் போதும். ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கும். அதன் எதிரே சொம்பில் சாய்த்து வைத்த கைப்பேசி இருக்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு கை, வாய் திறக்கிற நேரம் பார்த்துச் சோற்றை உள்ளே தள்ளும். குழந்தை அந்தக் கையைப் பார்ப்பதில்லை, சோற்றைப் பார்ப்பதில்லை, ஊட்டுகிறவர் முகத்தையும் பார்ப்பதில்லை. அரை மணியில் கிண்ணம் காலி. "இன்னிக்கு நல்லா சாப்ட்டான்" என்று ஆயாவுக்கு நிம்மதி. ஊருக்கு ஊர் நடப்பதுதான்; சென்னையில் கைப்பேசிக்குப் பதில் டேப்லெட் இருக்கும், அவ்வளவே.

கிண்ணம் உண்மையிலேயே காலியாகிவிடுவதால்தான் இதில் இருக்கும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வயிறு நிறைந்தது, எடை ஏறியது, அழுகை இல்லை. அங்கன்வாடித் தராசில் கிலோ சரியாக நிற்கிறது. நஷ்டம் வேறு கணக்கில் எழுதப்படுகிறது.

இரண்டு வயதுக்குள் மனித மூளை, வளர்ந்தவர் மூளையின் அளவில் சுமார் 80 விழுக்காட்டை எட்டிவிடுகிறது. பேச்சுக்கு அடித்தளம் விழும் காலமும் அதுவே. குழந்தை ஒரு சத்தம் போடும், பெரியவர் பதில் சொல்வார், குழந்தை மறுபடியும் சத்தம் போடும். இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் மொழியின் முதல் பாடம். வீட்டு வேலையும் வெளி வேலையுமாக ஓடுகிற குடும்பத்தில், ஒரு பெரியவர் வேறு வேலையில்லாமல் குழந்தையின் முகத்துக்கு நேராக உட்காரும் நேரம் ஊட்டும் வேளை ஒன்றுதான். அதிலும் திரை வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியாவில் 220 குடும்பங்களில் அளந்து பார்த்தார்கள். குழந்தையின் உடையில் ஒலிப்பதிவுக் கருவியைப் பொருத்தி, வீட்டில் காதில் விழுகிற சொற்களை எண்ணினார்கள். முடிவுகள் 2024இல் வெளியாயின. மூன்று வயதில், திரை ஓடும் ஒவ்வொரு கூடுதல் நிமிடத்துக்கும் குழந்தை கேட்கும் பெரியவர் சொற்கள் சராசரியாக 6.6 குறைந்தன. குழந்தை எழுப்பும் ஒலிகள் 4.9 குறைந்தன. இருவருக்கும் இடையிலான பேச்சுப் பரிமாற்றம் 1.1 குறைந்தது. அரை மணி நேரச் சாப்பாட்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 200 சொற்கள், முப்பதுக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள். ஒரு வேளைக்கு மட்டும்.

ஜப்பானில் 7,097 தாய் சேய் இணைகளைத் தொடர்ந்து கவனித்து 2023இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. ஒரு வயதில் திரை முன் அதிக நேரம் இருந்த குழந்தைகளிடம் இரண்டு வயதிலும் நான்கு வயதிலும் பேச்சுத் தொடர்பிலும் சிக்கலைத் தீர்க்கும் திறனிலும் தாமதம் கூடுதலாகத் தென்பட்டது. இவை எல்லாம் தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். திரைதான் ஒரே காரணம் என்று அடித்துச் சொல்பவை அல்ல. களைத்துப்போன வீட்டில் திரையும் அதிகம் இருக்கும், பேச்சும் குறைவாக இருக்கும். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல், இரண்டு வயதுக்குக் கீழ் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஏறக்குறைய அதே எல்லையைத்தான் போட்டிருக்கிறது. உறவினரோடு வீடியோ அழைப்பில் பேசுவதற்கு மட்டும் விலக்கு. துபாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ அப்பா முகம் காட்டிப் பேசுவது வேறு, சோற்றுக்குத் துணையாகக் கார்ட்டூன் ஓடுவது வேறு.

இங்கே ஒரு மறுப்பு வரும். நிலாவையும் காக்காயையும் காட்டி ஊட்டியதும் வேடிக்கை காட்டி ஏமாற்றியதுதானே, கைப்பேசி மட்டும் என்ன பாவம் செய்தது? நியாயமான கேள்வி. நிலா தானாகப் பேசாது. காக்காய் ஒரு தடவை கரைந்துவிட்டுப் பறந்துவிடும். மீதிப் பேச்சு முழுவதையும் ஊட்டுகிறவர்தான் பேசியாக வேண்டும், அதுவும் குழந்தையின் விரல் நீளுகிற பக்கம் பார்த்து. கைப்பேசி ஊட்டுகிறவரை ஊமையாக்கிவிடுகிறது. அவருக்கும் அது ஓய்வு என்பது உண்மை. கழனியிலிருந்தோ கட்டட வேலையிலிருந்தோ திரும்பிய பெண்ணிடம் போய் மூச்சுவிடாமல் பேசு என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அதே வீட்டில் சாப்பிட்டு முடித்து, அதே கைப்பேசியில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் சொல்லலாம்.

திரையைவிடப் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது: வயிறு நிறைந்தது என்று குழந்தை சொன்னாலும் கேட்காமல் ஊட்டுவது. தலையைத் திருப்பும், உதட்டை இறுக்கும், கையால் தள்ளும், துப்பும். பேசத் தெரியாத குழந்தைக்கு அதுதான் பேச்சு. "ஒரே ஒரு வாய்டா சாமி" என்று நாம் மூக்கைப் பிடிப்போம், காலுக்கு இடையில் இடுக்கிக்கொள்வோம். கைப்பேசி வந்ததும் இடுக்க வேண்டிய தேவை போய்விட்டது, அவ்வளவுதான் மாற்றம். தன் பசியைத் தானே அறிகிற ஆற்றல் குழந்தைக்கு இருக்கிறது. அதை மதித்து, அதன் சைகைக்கு ஏற்ப ஊட்டுவதும், தானாக உண்ண இடம் விடுவதும் வேண்டும் என்று 2023இல் வந்த உலகச் சுகாதார நிறுவன வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

இது வெள்ளைக்காரர் வீட்டுக்குப் பொருந்தும், நமக்குப் பொருந்தாது என்பவர்களுக்காகப் பக்கத்து மாநிலத்துச் சான்று ஒன்று உண்டு. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஷாஹ்னாஸ் வசீரும் உடன் ஆய்வாளர்களும் அன்றைய ஆந்திரப் பிரதேச கிராமங்கள் 60ஐ எடுத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கியதுபோல் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். குழுவுக்கு 20 ஊர்கள், 200 தாய் சேய் இணைகள். முதல் குழுவில் வழக்கமான அங்கன்வாடிச் சேவை மட்டும். இரண்டாவது குழுவில், பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் வீடு தேடிப் போய் எந்த வயதில் என்ன உணவு, எவ்வளவு என்று சொல்லிக்கொடுத்தார்கள். மூன்றாவது குழுவில் அதோடு எப்படி ஊட்டுவது, எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்பதும் சேர்ந்தது. குழந்தைகளுக்கு 15 மாதம் ஆனபோது சோதித்தார்கள். உட்கொண்ட சத்து பின்னிரண்டு குழுக்களிலும் கூடியிருந்தது. மனவளர்ச்சி மதிப்பெண் முதல் குழுவைவிடத் தெளிவாக ஏறியிருந்தது மூன்றாவது குழுவில்தான். 2013இல் இது அச்சாயிற்று. பருப்பும் முட்டையும் கீரையும் எல்லா ஊரிலும் கிடைத்தவைதான். வித்தியாசம் ஊட்டிய விதத்தில் இருந்தது.

இதற்கு இன்னும் நீண்ட வால் உண்டு. ஜமைக்காவில் 1980களில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளிடம் நடந்த பரிசோதனையில், சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் வீட்டுக்கு வந்து தாய்மாருக்குக் குழந்தையோடு பேசவும் விளையாடவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு வருடம் இது நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக இருந்தது. தனியாகத் துணை உணவு மட்டும் பெற்ற குழந்தைகளிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

அடுத்து மிக்ஸி. ஒரு வயது தாண்டியும், சில வீடுகளில் இரண்டு வயது தாண்டியும், இட்லியை, சோற்றை, காய்கறியை எல்லாம் மிக்ஸியில் ஓடவிட்டு ஒரே கூழாக்கி ஊட்டுகிறார்கள். தொண்டையில் மாட்டிவிடுமோ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்துக்கு உரிய இடம் வேறு, கீழே வருகிறேன். இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடரும் ஆய்வில், கட்டியும் முட்டியுமான உணவைப் பத்து மாதத்துக்குப் பிறகே சுவைத்த குழந்தைகளிடம் 15 மாதத்தில் உணவுத் தகராறு அதிகம் இருந்தது. ஏழு வயதில் அவர்கள் காய்கறி, பழம் தின்றதும் குறைவு. மெல்லுவது கற்க வேண்டிய திறமை. அதற்கு ஒரு பருவம் இருக்கிறது. எட்டு மாதத்தில் கையால் மசித்தது, பத்து மாதத்தில் விரலால் எடுக்கக்கூடிய மென்மையான துண்டு, ஒரு வயதில் வீட்டுச் சாப்பாடு காரம் குறைத்து என்று படி ஏறினால் போதும். ஒன்பது பத்து மாதத்தில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து ஒரு பருக்கையைப் பொறுக்கும். பிற்காலத்தில் பென்சில் பிடிக்கப்போவதும் அந்த விரல்கள்தான். அந்தப் பருக்கையைக் குழந்தையின் முன் வைக்காமல் அரைத்துவிட்டால் விரலுக்கு வேலையில்லை.

சிந்திச் சிதறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 16 மாதக் குழந்தைகளின் முன் கஞ்சி, ஜூஸ், பழக்கூழ் போன்றவற்றை வைத்து, ஒவ்வொன்றுக்கும் இட்டுக்கட்டிய பெயர் ஒன்றைச் சொன்னார்கள். பிறகு வேறு வடிவில், வேறு அளவில் அதே பொருளைக் காட்டினால் அதே பெயரோடு பொருத்துகிறதா என்று பார்த்தார்கள். சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பிசைந்து, தட்டி, முகத்தில் பூசிக்கொண்ட குழந்தைகளே பெயரை நன்றாகப் பிடித்துக்கொண்டன. கூழுக்கும் கஞ்சிக்கும் பந்துபோல் நிலையான உருவம் கிடையாது. தொட்டால்தான் தெரியும். கையால் உண்ணும் நாட்டில் இதைக் கற்றுக்கொடுக்கச் சாமான் எதுவும் வாங்க வேண்டாம். ரசம் வழுகும், களி ஒட்டும், தயிர் சில்லென்றிருக்கும், அப்பளம் நொறுங்கும். சுத்தம் என்ற பெயரில் குழந்தையின் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஊட்டுவதில், தரை மட்டும்தான் லாபம் அடைகிறது. கையைக் கழுவிவிட்டு, ஒரு பழைய பாயை விரித்துவிடுங்கள்.

இனி கிண்ணத்துக்குள் என்ன இருக்கிறது என்பது. செஞ்சிக் கோட்டையை 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது. அத்தனை ஆண்டுகள் கோட்டை தாக்குப்பிடிக்க மூன்று மலைகளும் மதில்களும் மட்டும் போதாது. உள்ளே தானியம் இருந்தாக வேண்டும். ராஜகிரி அடிவாரத்தில் அந்தக் களஞ்சியங்கள் இன்றும் நிற்கின்றன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டைக்கு இடம் கிடைத்த பிறகு அவற்றைப் படம் பிடிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். இன்றும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டையும் மணிலா (நிலக்கடலை) மூட்டையும் குவிகிற ஊர்தான் இது. ஆனால் தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கு என்ன சொல்கிறது? 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. நான்கைந்து ஆண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் அது 50.7. உயரக் குறைவு சற்றுக் குறைந்திருக்கும் அதே காலத்தில் ரத்தசோகை ஏறியிருக்கிறது. நெல்லுக்குப் பஞ்சமில்லாத மாநிலத்தில் பாதிக் குழந்தைகளுக்கு மேல் ரத்தம் வெளுத்திருக்கிறது.

உயரக் குறைவை வெறும் உடம்பு விஷயம் என்று ஒதுக்க முடியாது. செஞ்சிக்கு வெகு தொலைவில் இல்லாத வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 2010 முதல் 251 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்தது. இரண்டு வயதில் வளர்ச்சி குன்றியிருந்தவர்கள் ஐந்து வயதில் அறிவுத்திறன் சோதனையில், குறிப்பாகச் சொல் சார்ந்த பகுதியில், பின்தங்கினார்கள். இரும்புச்சத்தின் கதை இன்னும் கடுமை. கோஸ்டாரிகாவில் பெட்சி லோசாஃப் நடத்திய ஆய்வில், கைக்குழந்தைப் பருவத்தில் நீடித்த இரும்புக் குறைபாடு இருந்தவர்கள், சிகிச்சையில் ரத்தம் ஊறிய பின்னும், ஐந்து வயதிலும் பத்து ஆண்டுகள் கழித்தும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள். ரத்தத்தில் சரிசெய்தது மூளையில் முழுதாகச் சரியாகவில்லை.

குறைபாடு எங்கிருந்து வருகிறது? பருப்பு கீழே நின்றுவிட, மேலே தெளிந்த பருப்புத் தண்ணீரை ஊற்றிப் பிசைந்த குழைசாதத்திலிருந்து. தாய்ப்பால் குடிக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு அதற்கு மேல் நாளுக்குச் சுமார் 550 கலோரி உணவிலிருந்து வர வேண்டும். அதன் வயிறோ சிறியது. தண்ணீரால் நிரப்பினால் இடம் போய்விடும். காலையும் மாலையும் டீயில் தோய்த்த பிஸ்கட்டிலிருந்தும் குறைபாடு வருகிறது. டீயிலுள்ள டானின் இரும்பை உடம்பில் சேரவிடாது. பெரியவர்களே சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காப்பி குடிக்க வேண்டாம் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல் சொல்லும்போது, ஒன்றரை வயதுக்கு டீயே தேவையில்லை. நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் மாட்டுப்பால் குடிக்கும் குழந்தைக்கும் இதே கதிதான். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும். விளம்பரத்தில் வரும் சத்துபானப் பொடிகளை நம்புகிறவர்களுக்கு ஒரு தகவல்: இவற்றை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பில் பட்டியலிட வேண்டாம் என்று ஒன்றிய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லிவிட்டது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சை பிழிந்த பருப்புச்சோறு, கேழ்வரகு, முட்டை, முடிந்த வீட்டில் மீனும் ஈரலும். செஞ்சிச் சந்தையில் இதெல்லாம் கிடைக்கும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை வாரம் இரண்டு முறை 1 மி.லி. இரும்புச்சத்து சிரப் அரசே தருகிறது. குழந்தையின் மலம் கறுக்கிறது என்று பயந்து அதைப் பரணில் போட்டுவிட வேண்டாம். கறுப்பது இயல்பு.

மணிலா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் மல்லாட்டை விளையும் பூமி. அறுவடைக் காலத்தில் உடைத்த பயறு முறத்திலும் தரையிலும் பாயிலும் கிடக்கும். தவழும் குழந்தையும் அங்கேதான் இருக்கும். வேகவைத்ததோ வறுத்ததோ, முழுப் பயறைப் பாசத்தோடு குழந்தை வாயில் போடுவதும் உண்டு. இந்தியாவில் சிறு குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பொருட்களில் முதலிடம் நிலக்கடலைக்குத்தான். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள். காரணம் எளிது. கடிக்கும் முன்பற்கள் சீக்கிரம் வந்துவிடுகின்றன. அரைக்கும் கடைவாய்ப்பற்கள் வந்து முடிய இரண்டரை வயதுக்கு மேல் ஆகும். கடித்த பாதிப் பயறு அரைபடாமல் உருளும். அந்த நேரம் குழந்தை ஓடினால், சிரித்தால், அழுதால், திரையில் வந்த எதையோ கண்டு சட்டென்று மூச்சிழுத்தால், பயறு காற்றோடு உள்ளே போகும். வலது மூச்சுக்கிளை அகலமாகவும் நேராகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் போய்த் தங்கும்.

போன பயறு மூச்சை முழுதாக அடைத்தால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாதி அடைத்தால் வேறு மாதிரி ஏமாற்றும். புரைக்கேறியதுபோல் ஒரு பலத்த இருமல், முகம் நீலம் பாரித்தல், பிறகு அமைதி. "சரியாப் போச்சு" என்று விட்டுவிடுவார்கள். பயறு உள்ளே ஊறி வீங்கும். அதன் எண்ணெய் மூச்சுக்கிளையைப் புண்ணாக்கும். ஒரு வாரம் கழித்து இருமல், காய்ச்சல், இளைப்பு. எக்ஸ்ரேயில் நிலக்கடலை தெரியாது. ஆஸ்துமா என்றும் நிமோனியா என்றும் மருந்து மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே மருத்துவரிடம் போகும்போது, "கடலை தின்றபோது ஒரு தடவை திடீரென்று இருமியது" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல மறக்கக் கூடாது. மூச்சுக்குழாயின் உள்ளே பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்யும் முடிவுக்கு அந்த வாக்கியமே வழி.

அடைத்த நிமிடத்தில் செய்ய வேண்டியது: குழந்தை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வரவில்லை, மூச்சில்லை என்றால், ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு இடையில் உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு மேல் என்றால் முதுகில் ஐந்து தட்டு, பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேல், விலாக்கூட்டுக்குக் கீழ், உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. பொருள் வெளிவரும்வரை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். குழந்தை நினைவிழந்து துவண்டுவிட்டால் தரையில் கிடத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவிக்கு மாற வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளைத் தேடித் தொண்டைக்குள் விரல் விடக் கூடாது. இன்னும் உள்ளே தள்ளும். காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டக் கூடாது. தண்ணீர் ஊற்றக் கூடாது. செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரமாவது ஆகும். புதுச்சேரி ஜிப்மர் இன்னும் தூரம். மூளை காற்றில்லாமல் தாங்குவது நான்கைந்து நிமிடம்.

இதைக் கேட்டு மணிலாவையே வீட்டிலிருந்து விரட்ட வேண்டாம். 2015இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளில், முதல் வயதிலிருந்தே நிலக்கடலை சேர்த்த உணவு தின்றவர்களுக்குக் கடலை ஒவ்வாமை வருவது 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. புரதமும் கொழுப்பும் மலிவாகக் கிடைக்கும் பொருளும் அதுதான். பூசணம் பிடித்ததையும் சுருங்கியதையும் பொறுக்கி எறிந்துவிட்டு, வறுத்துப் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கலாம். இங்கே மிக்ஸிக்கு வேலை இருக்கிறது. முழுப் பயறு ஐந்து வயதுவரை வேண்டாம். முழுத் திராட்சை, பொட்டுக்கடலை, பாப்கார்ன், வட்டமாக நறுக்கிய பச்சைக் கேரட், ஜெல்லி மிட்டாய் எல்லாம் அதே வரிசை. உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்ற ஒரே பழக்கம் இதில் பாதி விபத்தைத் தடுத்துவிடும் என்பது என் கணிப்பு. திரையை எடுத்துவிட்டால் குழந்தை உட்காராது என்பார்கள். சில நாள் உட்காராதுதான்.

அரசாங்கம் என்ன செய்கிறது? 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வயதிலிருந்துதான் குழந்தையைக் கையில் வாங்கியது. இன்றும் தமிழகத்தின் 54,439 அங்கன்வாடி மையங்களில் சுடுசோறு அந்த வயதிலிருந்துதான். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுவரை, மூளை மிக வேகமாக வளர்கிற காலத்தில், முக்கியமாகக் கிடைப்பது வீட்டுக்கு எடுத்துப் போகும் சத்துமாவுப் பொட்டலம். அது கொழுக்கட்டையாகி வீடு முழுக்கப் பங்கு போவது ஊரறிந்த விஷயம். இந்த வயதின் அருமை தமிழகத்துக்குத் தெரியாததல்ல. 1980இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ளவர்களையே குறிவைத்தது. மாதந்தோறும் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் துணை உணவு, தேறியதும் நிறுத்தம், கூடவே தாய்மாருக்கு வீட்டிலேயே விளக்கம். உலகம் வந்து பார்த்துப் போன திட்டம் அது. எடையை அளக்கும் பழக்கம் அதிலிருந்து நமக்குத் தங்கிவிட்டது. தாயோடு உட்கார்ந்து பேசும் பழக்கம் தேய்ந்துவிட்டது. மூன்று வயதுக்குட்பட்டவர்களோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்பதற்காக ஒன்றிய அரசு 2024இல் 'நவசேதனா' என்ற கட்டமைப்பை வெளியிட்டிருக்கிறது. சமையல், பதிவேடு, கைப்பேசிச் செயலி மூன்றையும் சுமக்கும் அங்கன்வாடி அம்மாவுக்கு வீடு தேடிப் போக நேரம் எங்கே என்பதை அந்தக் கட்டமைப்பு தீர்க்கவில்லை.

வீட்டார் கவனிக்க வேண்டிய சில அடையாளங்கள் மட்டும் மிச்சம். ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, கை நீட்டிக் காட்டவில்லை. ஒன்றரை வயதில் பொருளோடு ஒரு சொல்லும் வரவில்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு சொல் சேரவில்லை. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் எல்லாவற்றையும் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. தேவைப்பட்டால் மாவட்டத்தின் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வரும் தேதி அங்கன்வாடிப் பணியாளருக்கு முன்பே தெரிந்திருக்கும். இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை அன்றாடம் மையத்துக்குப் போவதில்லை என்பதால், கேட்டு வைத்துக்கொண்டு அன்றைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியது வீட்டார்தான்.